ஐம்பத்திரண்டாம் படிவம்

தேசப்பனை வேதகிரி கடைசியாக உயிரோடு பார்த்தது அவருடைய முதுகைத்தான். தை மாதம், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றேகால் மணி இருக்கும். உப்பங்கழிக்கு இறங்கும் மணல் சரிவில் தள்ளுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு தேசப்பன் போனார். இடுப்பில் கட்டியிருந்த துண்டு பின்பக்கம் நனைந்து கறுத்திருந்தது. மருமகன் பொன்னுரங்கம் படகில் ஏறி நின்று, "மாமா, காத்து திரும்புது" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தேசப்பன் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கி, "மிச்சத்த வியாழக்கெழம வச்சிக்கலாம் சார். நான் எங்க ஓடிடப் போறேன்" என்றார். வேதகிரி ஆய்வுக்கான கேள்விப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். நாற்பது கேள்விகளில் இருபத்தாறு முடிந்திருந்தன. பேருந்துக்கு நேரம் இருந்ததால் கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாம், நிற்கவில்லை. புதன்கிழமை விடியற்காலை, வலையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்தவரைப் பொன்னுரங்கம் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வியாழக்கிழமை வேதகிரி சொன்ன நேரத்துக்குப் போய் இறங்கியபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது, பந்தலுக்குக் கீழே இரும்பு நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

நாற்காலி. இந்தப் பெஞ்சியும் இரும்புதான், சித்திரை வெயிலில் நிழலில் இருந்தும் சுடுகிறது. சமூகவியல் துறையின் நீளமான நடையில், வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடக்கும் அறைக்கு எதிரே, மடியில் மஞ்சள் துணிப்பையை வைத்துக்கொண்டு வேதகிரி காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். பதிவெண் வரிசைப்படி கூப்பிடுகிறார்கள். அவருடைய பெயர் கடைசி. பைக்குள் அறுபது படிவங்கள் இருக்கின்றன. வெளித்தேர்வாளர் கேட்டால் காட்ட வேண்டும் என்று நெறியாளர் சுகிர்தா மேடம் சொல்லியிருந்தார், பெரும்பாலும் கேட்க மாட்டார்கள் என்றும் சொல்லியிருந்தார். ஐம்பத்திரண்டாவது படிவம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது பையைத் திறக்காமலே அவர் விரலுக்குத் தெரிகிறது. அந்த ஒன்று மட்டும் கனமாக இருக்கிறதா என்ன? தாள் தாள்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெனிட்டா, இருபத்திரண்டு வயதுப் பெண், குப்பைக்கிடங்கைப் பற்றி ஆய்வு செய்தவள், நகத்தைக் கடித்துக்கொண்டே, "அங்கிள், உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டாள். "எனக்கென்னம்மா பயம்" என்றார். "உங்களுக்கு இல்லதான். வெளித்தேர்வாளரே உங்களப் பார்த்து எந்திரிச்சு நிப்பாரு" என்று சிரித்தாள். வேதகிரியும் சிரித்தார். பயம் இல்லை என்பது உண்மைதானா என்று உள்ளே தொட்டுப் பார்த்தார். பல் வலிக்கும் இடத்தை நாக்கு தொடுவதுபோல, மனம் போய்ப் போய் அங்கேயே நின்றது. முப்பத்துநான்காம் கேள்வி.

முப்பத்துநான்கை எழுதியதும் அவர்தான். உங்களுக்குப் பிறகு உங்கள் பாடு யாருக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? எழுதிக் கொண்டுபோய்க் காட்டியபோது சுகிர்தா மேடம் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, "இதுதான் சார் உங்க ஆய்வு, மத்ததெல்லாம் இதுக்கு முன்னுரை" என்றார். முதல் நாள் வகுப்பில் அவர் சொன்னதும் இதைத்தான். ஏரியில எத்தனை மீன் இருக்குன்னு விலங்கியல்காரங்க எண்ணட்டும், அந்த மீனை யார் எப்போ பிடிக்கலாம்னு யார் முடிவு பண்றாங்க, அதுதான் நம்ம கேள்வி. வேதகிரி நோட்டில் அதை எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். அறுபத்துமூன்று வயதில் ஒரு வாக்கியத்துக்கு அடிக்கோடு போடுவது வெட்கமாகவும் இருந்தது, நல்லாவும் இருந்தது. நொச்சிமேட்டுக் குப்பத்தில் அதை முடிவு பண்ணுவது ஊர். கழியில் மீன் ஓடும் இடங்கள் இத்தனை என்று கணக்குண்டு. ஊருக்கு வரி கட்டும் வரிக்காரர் வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. நல்ல இடம் ஒருவனுக்கே நிலைக்காது, மோசமான இடமும் ஒருவன் தலையிலேயே விழாது. சுற்றிச் சுற்றி வரும். சண்டை இல்லாமல் ஒரு ஏரியைப் பங்கு போட்டுக்கொள்ள இவ்வளவு எளிமையாக ஒரு வழி இருக்கிறது என்று அவர் வியந்துபோனார். முப்பத்தொரு வருடம் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தவருக்கு, முறை வைத்து வீடு வீடாகச் சுற்றுவது என்றால் என்னவென்று தெரியும். தேசப்பன் வீட்டுக்கு முதல்முதலாகப் போனபோதும் ஆளைப் பார்ப்பதற்கு முன் கண் தானாக மீட்டர் பெட்டியைத்தான் தேடியது. தேசப்பன் அதைக் கவனித்துவிட்டு, "இன்னா சார், பீஸ் புடுங்க வந்தியா?" என்றார். அவர் மனைவி கன்னியம்மா உள்ளேயிருந்து, "ஐயோ, காலேஜ் வாத்தியாரப் போயி இப்பிடியா கேக்குறது" என்று குரல் கொடுத்தாள். "வாத்தியார் இல்லம்மா, நான் படிக்கிறவன்" என்றார் வேதகிரி. தேசப்பன் அவருடைய நரைத்த தலையை மேலும் கீழும் பார்த்தார். "எத்தினி வாட்டி பெயிலானே சார்?" என்று மெதுவாக, நிஜமாகவே இரக்கப்பட்டுக் கேட்டார்.

மீட்டர். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது என்று சொல்லலாமா? சொன்னால் சாக்குப்போல இருக்கும். ஆனால் கை அப்படிப் பழகியிருந்தது. கணக்கெடுக்கப் போகும் வீட்டில் கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வது என்பதை வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். 'கதவு பூட்டு' என்று குறித்துவிட்டு முந்தைய மாதங்களைப் பார்த்து ஒரு சராசரியைப் போட வேண்டும். கட்டத்தை வெறுமையாக விட முடியாது. அடுத்த முறை கதவு திறந்திருக்கும், உண்மையான எண் வரும், முன்னே பின்னே இருப்பதெல்லாம் தானாக நேராகிவிடும். முப்பத்தொரு வருடத்தில் எத்தனை பூட்டு, எத்தனை சராசரி! ஒருவரும் கெட்டுப்போகவில்லை. மாசி மாதம், படிவங்களை மேசையில் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தபோது ஐம்பத்திரண்டு மட்டும் பாதியில் நின்றது. அறுபது என்று முன்மொழிவில் எழுதிக் கொடுத்தாயிற்று. புதிதாக ஒருவரைப் பிடிக்கலாம், ஆனால் அந்த வீட்டை நீக்க மனம் வரவில்லை. அந்த இருபத்தாறு பதில்களும் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தன, தேசப்பன் பேசியது அப்படியே காதில் விழும்படி இருந்தன. மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று புரட்டினார். இருபத்தேழுக்கு எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றே சொல்லியிருந்தார்கள், இருபத்தெட்டுக்கும் அப்படித்தான். அதே நீலப் பேனா. இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, கை நிற்கவில்லை. முப்பத்துநான்குக்கு வந்தபோது ஒரு கணம் பேனா தாளைத் தொடாமல் நின்றதா, அல்லது நின்றதாக இப்போது நினைத்துக்கொள்கிறாரா? மகனுக்கு என்று நாற்பத்தாறு பேர் சொல்லியிருந்தார்கள். 'மகன்' என்று எழுதினார். பதினோரு நிமிடத்தில் பதினான்கு பதில்கள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, எழுந்து போய் அடுப்பை அணைத்தார். ரசம் வைத்துச் சாப்பிட்டார். நன்றாகத் தூங்கவும் தூங்கினார், அதுதான் இப்போது உறுத்துகிறது. செத்தவன் கதவு அடுத்த மாதம் திறக்காது என்பது ஏன் அன்றைக்கு உறைக்கவில்லை?

உறைக்காமல் போனதற்கு வேறு காரணமும் இருக்கலாம். நடையின் கோடியில் யாரோ சமோசா பொட்டலத்தைப் பிரித்தார்கள். எண்ணெய் வாசனை பினாயில் வாசனையோடு கலந்து வந்தது, ஆஸ்பத்திரி வாசனை மாதிரியே. அம்சவேணி. அவர் மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. கடைசி வாரம் டாக்டர் வந்து கட்டிலருகே குனிந்து, "வலி இருக்காம்மா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், இன்னைக்குப் பரவாயில்ல" என்றார் வேதகிரி. அவர்தான் சொன்னார். கேள்வி அவளிடம் கேட்டது. அவள் கண்ணைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள், கோபமில்லை, வருத்தமும் இல்லை, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் நம் நிறுத்தத்தைத் தப்பாகச் சொல்லும்போது பார்ப்போமே, அந்த மாதிரி. டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். வலி இருந்ததா? அதற்குப் பிறகும் அவர் கேட்கவில்லை. முப்பத்துநாலு வருடம் அவளுக்காக அவர்தான் பதில் சொன்னார். ஓட்டலில் அவளுக்கு என்ன வேண்டும் என்று அவர் சொன்னார். சர்வர் அவளைப் பார்த்துக் கேட்டாலும் அவர்தான் சொன்னார். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் வாசலில் நின்று, "வீட்டம்மா தொழில்?" என்றபோது, "ஒண்ணுமில்ல, வீட்லதான்" என்று சட்டென்று சொன்னது அவர். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் பாதிப் பெண்கள் போட்டிருந்த ரவிக்கை அவள் தைத்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டுதான் சொன்னார். மெஷின் ஒரு நொடி நின்றது, மறுபடி ஓடியது. இரண்டாம் பருவத்தில் சுகிர்தா மேடம் ஆய்வுமுறை பாடம் எடுக்கும்போது, ஒருவருக்குப் பதிலாக வீட்டில் இன்னொருவர் பதில் சொன்னால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும் என்றார். ஏனென்றால் ஏரி, காடு, தண்ணீர் என்று எதைக் கேட்டாலும் ஆண்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள், சுமக்கிறவர்கள் யார் என்பது கணக்கிலேயே வருவதில்லை. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். வேதகிரி எழுதவில்லை. தையல் மெஷின் நின்ற அந்த ஒரு நொடி இருபது வருடம் கழித்து வகுப்பறையில் அவர் காதில் விழுந்தது. விழுந்து என்ன? அதே ஆள்தான் அதற்கடுத்த வருடம் மேசையில் உட்கார்ந்து பதினான்கு பதில்கள் எழுதினார்.

கதவு திறந்து, பெனிட்டாவுக்கு முந்தைய பையன் முகமெல்லாம் வேர்த்து வெளியே வந்தான். அலுவலக உதவியாளர் மாசிலாமணி தலையை நீட்டி, "பெனிட்டா யாரும்மா? வா, வா, சிங்கமொண்ணும் இல்ல உள்ள" என்றார். அவள் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனாள். பெஞ்சியில் வேதகிரி மட்டும் இருந்தார். இன்னும் அரைமணி. மின்விசிறி சுற்றும் சத்தத்தில் ஒரு தட்டல் இருந்தது, சுற்றுக்கு ஒரு தட்டல். 'இருக்கு' என்று குப்பத்தில் சொன்னாரே, அந்தச் சொல்லும் அப்படித்தான் தட்டிக்கொண்டிருக்கிறது. பதினான்கு பதில்களைவிட அந்த ஒரு சொல்தான் பெரிய பொய். பங்குனியில், கண்டறிந்ததைக் குப்பத்து மக்களிடமே திரும்பச் சொல்லிக் காட்டிவிட்டு வரவேண்டும், அதுதான் மரியாதை என்று மேடம் அனுப்பிவைத்தார். சமுதாயக்கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் எதுவும் சொல்லாமல், இத்தனை பேர் இப்படி, இத்தனை பேர் அப்படி என்று வாசித்தார். பாதியில் ஒருவன் எழுந்து, "எங்களுக்குத் தெரிஞ்சதையே எங்களுக்கு வந்து சொல்றியே சார், இதுக்கா ரெண்டு வருசம் படிச்சே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்போதுதான் ஊர்ப் பெரியவர் நாட்டார் சிங்காரவேலு, "எங்க தேசப்பன் இன்னா சொன்னாரு சார் உன்கிட்ட?" என்றார். சிரிப்பு நின்றது. தேசப்பன் மகன் சிவஞானம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், தண்ணீரில் இறங்கி ஏழு வருடம் ஆகிறது. அப்பன் பாடு தனக்குத்தான் என்கிறான், எடுத்து வேறு ஆளுக்குக் குத்தகை விடப்போவதாகப் பேச்சு. மகள் புருஷன் பொன்னுரங்கம் வீட்டோடு மாப்பிள்ளை, மாமனாரோடு ஒன்பது வருடம் அந்தக் கழியில் நின்றவன், அந்த வீட்டு அடுப்பு அவன் கொண்டுவருவதில்தான் எரிகிறது. மகனுக்கும் கொடுக்கலாம், வீட்டோடு இருக்கும் மருமகனுக்கும் கொடுக்கலாம், ஊரில் இரண்டுக்கும் வழக்கம் உண்டு. செத்தவர் வாய் வார்த்தை இருந்தால் அதுதான் நிற்கும். தேசப்பனோ யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். "பேரு சொல்லக் கூடாதுங்க, அது எங்க விதி" என்றார் வேதகிரி. "அது இருக்கட்டும். கேட்டு எழுதினது கீதா இல்லியா?" என்றார் நாட்டார். அப்போது சொன்னார், "இருக்கு" என்று. ஐம்பது முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது இல்லை என்று சொன்னால், அறுபது பேரைக் கேட்டேன் என்று இப்போதுதானே வாசித்தாய் என்று வருமே, அந்தப் பயம்.

திரும்பும்போது பொன்னுரங்கம்தான் படகில் கொண்டுவந்து அக்கரை சாலையில் விட்டான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கழியின் நடுவில் இரண்டு மரக்கம்புகள் தண்ணீரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன, வலை இல்லாமல். இரண்டு பக்கமும் மற்றவர்கள் வலை கட்டியிருக்க, அங்கே மட்டும் வெறும் கம்பு. "அது யாரு எடம்?" என்று கேட்டார். "மாமாவுது சார். இன்னைக்கி அவுரு மொற." "நீ கட்டலியா?" பொன்னுரங்கம் கோலை ஊன்றி ஒரு தள்ளு தள்ளிவிட்டுச் சொன்னான், "ஆள் போயிட்டா அந்தச் சுத்து முடியிற மட்டும் யாரும் கட்ட மாட்டாங்க சார். அடுத்த சுத்துலதான் யாரு பேருக்குன்னு." "இப்ப நல்லா மீன் ஓடுமே? அப்படியே போயிடுமே?" "போவட்டும். அவுரு மொற அவுருதுதான்." வேதகிரி அதை நோட்டில் எழுத எடுத்தார். பேனா அதே நீலப் பேனா. மூடி உள்ளே வைத்துவிட்டார். அவ்வளவு இடத்தையும் மீனையும் காலியாக விட்டுவைக்க இந்த ஜனங்களால் முடிகிறது. எட்டுப் பக்கத் தாளில் மூன்று பக்கத்தை விட்டுவைக்க அவரால் முடியவில்லை. அடுத்த சுற்று வைகாசியில் ஆரம்பம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடுகிறது. இன்று காலை பேருந்தில் வரும்போது கன்னியம்மா போன் செய்தாள். பக்கத்தில் மகளோ யாரோ இருப்பது தெரிந்தது. "சார், கன்னியம்மா பேசறேன். ஞாயித்துக்கெழம அந்தத் தாளக் கொண்டாரச் சொல்லிக்கீறாங்க. சிவஞானமும் சம்மதிச்சிட்டான். அதுல இன்னா எழுதிக்கீதோ அதுக்குக் கட்டுப்படறோம்னு ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க." பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, "மருமவன்னுதான சார் சொல்லிருப்பாரு? அவனத்தான சார் கூட வச்சிக்கினு திரிஞ்சாரு?" என்றாள். "வைவா இருக்கும்மா, முடிஞ்சதும் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

மருமகன் என்று எழுதினால் என்ன? ஒரு மணி நேரமாக அந்த எண்ணமும் பெஞ்சியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, மரியாதையான ஆள் மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு. வேறொரு வெற்றுப் படிவம் பையில் இருக்கிறது. எழுதிவிடலாம். நியாயமும் அதுதான், தண்ணீரில் நிற்பவனுக்குத்தானே தண்ணீர். அந்த வீடு பிழைக்கும். கன்னியம்மா வாழ்த்துவாள். மகன் என்றிருப்பதை அப்படியே விட்டால் ஆய்வேடு பிழைக்கும், பட்டம் வரும், நூலகத்தில் முதுகில் அவர் பெயர் போட்ட ஒரு புத்தகம் நிற்கும். ஆனால் சிவஞானம் பாட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு கிரேனுக்குப் போய்விடுவான், பொன்னுரங்கம் அடுத்தவன் வலைக்குக் கூலிக்குப் போவான். உண்மையைச் சொன்னாலோ ஆய்வேடு நிற்காது. கன்னியம்மாவுக்கும் ஒன்றும் கிடைக்காது. தேசப்பன் என்ன நினைத்தார் என்பது யாருக்குமே தெரியாது என்றுதான் ஆகும். மூன்றில் இதுதான் எல்லோருக்கும் நஷ்டம். பின் ஏன் மனம் திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது? தேசப்பன் மகனைத்தான் நினைத்திருந்தாரோ என்னவோ. கூட வைத்துக்கொண்டு திரிவது வேறு, கொடுப்பது வேறு. அல்லது ஊர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சிரித்திருப்பார். இல்லையென்றால், "அத உன்கிட்ட எதுக்கு சார் சொல்லணும்?" என்று எழுந்து போயிருப்பார். அப்படியும் ஒரு பதில் உண்டு. அந்தப் பதிலுக்கு அவர் படிவத்தில் கட்டமே இல்லை. இரண்டு மணி நேரம் பேசிய ஒரு மனிதரை எவ்வளவு தெரியும்? முப்பத்துநாலு வருடம் கூட இருந்தவளுக்கு வலி இருந்ததா என்பதே தெரியாது. வெளியே மரத்தில் ஒரு காகம் ஒரே இடத்தில் கத்திக்கொண்டிருந்தது. வேதகிரிக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தால் கூப்பிட்டுவிடுவார்களோ என்று எழவில்லை.

"வேதகிரி சார், வாங்க" என்றார் மாசிலாமணி. உள்ளே குளிராக இருந்தது. வெளித்தேர்வாளர் தெற்கேயிருந்து வந்த பெரிய பேராசிரியர், ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். எழுந்து நிற்கவில்லை. உட்காரச் சொல்லி, ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே கேள்வி கேட்டார். பாடு முறையைப் பொதுச்சொத்து என்று சொல்ல முடியுமா, பெண்களுக்கு அதில் இடம் உண்டா, துறைமுகம் வந்தபின் என்ன மாறியது. வேதகிரி நன்றாகவே சொன்னார். சொல்லும்போது தன் குரலைத் தானே கேட்டார், நிதானமாக, படித்தவன் குரல்போல இருந்தது. சுகிர்தா மேடத்தின் முகம் மலர்ந்தது. பிறகு வெளித்தேர்வாளர் நான்காம் அத்தியாயத்துக்கு வந்து கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "அறுபது பேர், நாற்பது கேள்வி. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. நான் முப்பது வருஷமா அட்டவணை பார்க்கிறேன், இப்படி ஒண்ணு பார்த்ததில்லை. ஒருத்தர்கூட 'தெரியலை'ன்னு சொல்லலையா? ஒருத்தர்கூட பாதியில எழுந்து போகலையா?" "சார் ரொம்பப் பொறுமையா வேலை செய்யறவர்" என்றார் சுகிர்தா மேடம் அவசரமாக, "விட்டுப்போனதுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டிருக்கார்." அது ஒரு கை நீட்டல். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். இந்த முறை அவருக்காக இன்னொருவர் பதில் சொல்லியிருக்கிறார். அது எப்படி இருக்கிறது என்று வேதகிரிக்கு முதல்முறையாகத் தெரிந்தது. வசதியாகத்தான் இருக்கிறது. பையைத் திறந்தார். விரல் நேராக அதற்குத்தான் போனது. எடுத்து மேசையில் வைத்தார். "ஒருத்தர் எழுந்து போனார் ஐயா. மிச்சத்தை வியாழக்கிழமை சொல்றேன்னு போனார். புதன்கிழமை இறந்துட்டார். இருபத்தேழிலிருந்து நான் எழுதினது." சுகிர்தா மேடம் அவரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். வெளித்தேர்வாளர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் வித்தியாசம் தேடினார். "ஒரே கையெழுத்து. நீங்க சொல்லலைன்னா தெரியப் போறதில்ல." "தெரியாதுங்க." "எதுக்குச் சொல்றீங்க?" குப்பத்துக் கூட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் வேதகிரி சொன்னார், கொஞ்சம் முன்னுக்குப் பின்னாக. அம்சவேணியைப் பற்றிச் சொல்லவில்லை. வெளித்தேர்வாளர் கேட்டு முடித்து, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினார். "ஒவ்வொண்ணா அடிங்க. அடிச்ச இடத்துல கையெழுத்தும் இன்றைய தேதியும் போடுங்க. இந்த அத்தியாயம் இப்படி நிக்காது. மறுபடி எண்ணி, மறுபடி எழுதி, ஆறு மாசம் கழிச்சுக் கொடுங்க. இப்போ பட்டத்துக்குப் பரிந்துரைக்க முடியாது, புரியுதா?" "புரியுதுங்க." பதினான்கு கோடு, பதினான்கு கையெழுத்து. பதினோரு நிமிடத்தைவிட அதிகம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

வெளியே பெனிட்டா காத்திருந்தாள். "என்ன அங்கிள், ஏ கிரேடா? ட்ரீட் உண்டா?" "திரும்ப எழுதச் சொல்லிட்டாங்கம்மா." அவள் முகம் விழுந்தது. "உங்களையா? எதுக்கு?" "நான் சரியா கேக்கல" என்றார். நடையைக் கடந்து, படியிறங்கி, மரத்தடி நிழலுக்கு வந்து போனை எடுத்தார். முதல் மணியிலேயே கன்னியம்மா எடுத்துவிட்டாள். "அம்மா, அந்தத் தாள்ல அதுக்குப் பதில் இல்லம்மா. நான் இருக்குன்னு சொன்னது தப்பு. அவரு சொல்லல." அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. "சொல்லலியா, நீ கேக்கவே இல்லியா?" "கேக்குறதுக்குள்ள மருமகன் கூப்பிட்டாரு, எழுந்து போயிட்டாரு. மிச்சத்த வியாழக்கிழமை வச்சிக்கலாம்னாரு. நான் உட்கார்ந்து மகன்னு எழுதிட்டேன். எல்லாரும் அப்படிச் சொன்னாங்கன்னு எழுதிட்டேன். இப்ப அடிச்சாச்சு." திட்டுவாள் என்று நின்றார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. "மருமவன்னு எழுதிருந்தாலாவது..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "அதயும் நீதான எழுதிருப்பே" என்றாள். "ஆமாம்மா." "சரி. ஞாயித்துக்கெழம நீயே வந்து இத சொல்லிட்டுப் போ சார். நான் சொன்னா நான் மாத்திட்டேன்னுவான் என் புள்ள." "வரேம்மா" என்றார். வைப்பதற்கு முன் அவள் கேட்டாள், "கடைசியா உன்கிட்ட இன்னா பேசிக்கினு இருந்தாரு?" மீன் குறைந்ததைப் பற்றி, சின்ன வயதில் இறால் எப்படி வரும் என்பதைப் பற்றி என்று வேதகிரி சொன்னார். சொன்னதையெல்லாம் சொன்னார், ஒவ்வொன்றாக. அவள் "ம்" கொட்டிக்கொண்டே கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடிய ஊர் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, அடுத்த சுற்றையும் வெறுமையாக விடுவதென்றும், அதற்குள் மகனும் மருமகனும் பேசி வரட்டும் என்றும் முடிவு செய்தது. பொன்னுரங்கம் அதுவரை நாட்டாரின் வலைக்குக் கூலிக்குப் போகிறான். வேதகிரி நான்காம் அத்தியாயத்தை மறுபடி எண்ணி எழுதினார். முப்பத்துநான்காம் கேள்விக்கு மகன் என்றவர்கள் நாற்பத்தாறு பேர், மருமகன் என்றவர்கள் ஒன்பது பேர், ஊர் முடிவு என்றவர்கள் நாலு பேர், பதில் சொல்லாதவர் ஒருவர்.